வாங்காத பொருளுக்கு விலை கேட்கலாமா?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். தல்மூத் யூதர்களின் சட்ட நூல் என்றால் அதில் ஒழுக்கமும் ஆன்மிகமும் எங்கிருந்து வருகின்றன, உரைகாரர்கள் அவற்றை எப்படி எடுக்கிறார்கள் என்பது ஒன்று. "அது வானத்தில் இல்லை" என்ற அடுப்புக் கதையைப் படித்தேன், கடவுளையே வாதத்தில் ஜெயிக்கிறார்களே, பிரமாதம், அதுபோல வேறு கதை உண்டா என்பது இன்னொன்று.

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கதையை நீங்கள் பாதிதான் படித்திருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. அதை எடுத்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கடவுள் சிரிக்கிற இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கதை அங்கே முடியவில்லை. மீதிப் பாதியையும், அது எந்தச் சட்டத்துக்கு நடுவே வருகிறது என்பதையும் பார்த்தால் முதல் கேள்விக்கும் சேர்த்துப் பதில் கிடைத்துவிடும். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

முதலில் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மூலம், உரை, உரைக்கு உரை என்று படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நடுவில் ஒரு பத்தி. அதில் மிஷ்னா, அதாவது கி.பி. 200 வாக்கில் கலிலேயாவில் ராபி யெகூதா தொகுத்த வாய்மொழிச் சட்டம். (ராபி என்றால் யூத ஆசான்.) அதன் கீழே கெமாரா: அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாபிலோனியக் கல்விக்கூடங்களில் சில நூற்றாண்டுகள் நடந்த வாக்குவாதம். நடுப்பத்திக்கு ஒரு பக்கம் ராஷியின் உரை. 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா ஊரில் வாழ்ந்தவர், ஒரு வார்த்தை போதும் என்றால் இரண்டாவது வார்த்தை எழுதமாட்டார். மறுபக்கம் தோசாஃபோத்: ராஷியின் பேரன்களும் அவர்கள் வழிவந்தவர்களும் எழுதிய குறுக்குக் கேள்விகள். இப்படி அமைத்து வெனிஸில் 1520-களில் முழுதாக அச்சிட்டவர் டேனியல் பாம்பெர்க் என்ற கிறிஸ்தவர். இன்றும் அதே அமைப்புதான். மொத்தம் 2,711 தாள்கள். தினம் ஒரு தாள் படித்து ஏழரை வருடத்தில் முடிக்கிற வழக்கம் ஒன்றும் இருக்கிறது. 1923-ல் வியன்னாவில் நடந்த மாநாட்டில் மெயிர் ஷாபிரோ என்ற ராபி சொன்ன யோசனை.

இந்தப் பக்கங்களில் சட்டமும் கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மாடு முட்டினால் யார் நஷ்டஈடு தருவது என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். திடீரென்று ஒருவர் மனைவி அழுதாள், கடல் பொங்கியது என்று போகும். திரும்பவும் மாடு வந்துவிடும். சட்டம் ஹலாகா, மற்றதெல்லாம் அகாதா. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டுச் சலோனிகாவில் குடியேறிய யாக்கோபு இப்ன் ஹபீப் என்ற ராபி, அகாதாவை மட்டும் தனியே பிரித்தெடுத்து 1516-ல் அச்சிடத் தொடங்கினார். சட்ட நுணுக்கத்துக்குள் நுழைய முடியாத சாதாரண ஜனங்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் கதையை அது முளைத்த சட்டத்திலிருந்து பிடுங்கி நட்டால் ஏதோ ஒன்று உதிர்ந்துவிடுகிறது. அடுப்புக் கதைக்கு நேர்ந்ததும் அதுதான்.

அந்தக் கதை இருப்பது பாபா மெத்சியா என்ற பகுதியின் நான்காம் அத்தியாயத்தில். அத்தியாயத்தின் பெயரே 'பொன்'. பொன் நாணயத்தையும் வெள்ளி நாணயத்தையும் மாற்றும்போது எதைக் கையில் வாங்கியதும் பேரம் முடிந்ததாக அர்த்தம் என்று தொடங்குகிறது. முழுக்க முழுக்கக் கடைத்தெரு விவகாரம். அடுத்து ஓனா. ஒருவனை ஏமாற்றி அதிக விலை வாங்குவதும், குறைத்துக் கொடுத்து நோகடிப்பதும் ஓனா. அதற்குக் கணக்கு உண்டு: ஆறில் ஒரு பங்கு. 24 வெள்ளிக்காசுப் பொருளில் 4 காசு கூடுதலாக வாங்கியிருந்தால் அந்த 4 காசைத் திருப்பித் தர வேண்டும். அதற்கும் மேலே போனால் வியாபாரமே செல்லாது. அதற்குக் கீழே என்றால் 'போகட்டும் போ' என்று விட்டுவிட்டதாகக் கொள்ளலாம். வாங்கியவன் எவ்வளவு நேரத்துக்குள் வந்து கேட்கலாம்? இன்னொரு வியாபாரியிடமோ சொந்தக்காரனிடமோ காட்டி விசாரிக்கிற நேரம் வரைக்கும். எவ்வளவு நடைமுறை தெரிந்த சட்டம் பாருங்கள்.

இப்படிக் காசுக்கணக்குப் பார்த்துக்கொண்டே வரும் மிஷ்னா திடீரென்று சொல்கிறது: "வாங்குவதிலும் விற்பதிலும் ஓனா இருப்பதுபோலச் சொல்லிலும் ஓனா உண்டு." மூன்று உதாரணங்கள். வாங்கும் எண்ணம் இல்லாமல் "இது என்ன விலை?" என்று கேட்காதே. திருந்தி வந்தவனிடம் "நீ முன்னே செய்ததெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்காதே. யூத மதத்துக்கு மாறி வந்தவர்களின் பிள்ளையிடம் "உன் அப்பன் பாட்டன் செய்ததை நினைத்துப் பார்" என்று சொல்லாதே. இதில் நடு உதாரணத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

வாயால் சுட்ட புண் ஆறாது என்பது நமக்குத் தெரியாததா என்று நீங்கள் நினைக்கலாம். தெரிந்ததுதான். இங்கே கவனிக்க வேண்டியது அது வைக்கப்பட்டிருக்கிற இடம். இது நீதிமொழி அல்ல, வியாபாரச் சட்டத்தின் ஒரு பிரிவு. பின்னால் வந்த சட்டத் தொகுப்புகளும் அதை அங்கேயே விட்டுவைத்தன. மைமோனிதிஸ் 12-ஆம் நூற்றாண்டில் எல்லாச் சட்டங்களையும் வகைப்படுத்தியபோது, சொல்லால் நோகடிப்பதை நற்பண்புகள் பகுதியில் போட்டிருக்கலாம். விற்பனைச் சட்டங்களின் 14-ஆம் அத்தியாயத்தில்தான் போட்டார். 1565-ல் அச்சான ஷுல்கான் ஆரூக் என்ற சட்டத் தொகுப்பிலும் அப்படியே. விலையில் ஏமாற்றுவது 227-ஆம் பிரிவு, சொல்லில் நோகடிப்பது 228.

கெமாரா உதாரணங்களைக் கூட்டிக்கொண்டே போகிறது. நோயில் கிடப்பவனிடமோ பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடமோ போய், யோபுவின் நண்பர்கள் பேசியதுபோல, "குற்றமில்லாதவன் எவனாவது அழிந்ததுண்டா?" என்று பேசாதே. தானியம் தேடிவரும் கழுதைக்காரர்களிடம் "இன்னார் வீட்டில் விற்கிறார்கள், போங்கள்" என்று, அந்த இன்னார் ஒருநாளும் தானியம் விற்றதில்லை என்று தெரிந்தே அனுப்பாதே. ராபி யெகூதா (மிஷ்னாவைத் தொகுத்தவர் அல்ல, அவருக்கு முந்தியவர்) இன்னும் ஒரு படி மேலே போகிறார்: கையில் காசில்லாதபோது சரக்கின் மேல் கண்ணை ஓட்டவே கூடாது. இது கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் சாயங்காலம் வரை போணி ஆகாத கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் வந்து நிற்கிறார், துணியைத் தடவிப் பார்க்கிறார், விலை கேட்கிறார். கடைக்காரர் எழுந்து, மடித்துவைத்ததைப் பிரித்து உதறிக் காட்டுகிறார். வந்தவர் "சும்மா பார்த்தேன்" என்று போய்விடுகிறார். ஒரு காசு நஷ்டமில்லை, ஆனாலும் ஒன்று போய்விட்டது.

போனது என்ன, அதை எப்படி நிரூபிப்பது? முடியாது என்பதுதான் பதில். "வாங்கத்தான் வந்தேன், பிடிக்கவில்லை" என்று அவர் சொன்னால் எந்த நீதிபதி என்ன செய்ய முடியும்? ஆகவே கெமாரா சொல்கிறது: இது மனதிடம் ஒப்படைக்கப்பட்ட விஷயம், மனதிடம் ஒப்படைக்கப்பட்ட எதற்கும் வேதம் "உன் தேவனுக்குப் பயப்படு" என்று சேர்த்துச் சொல்லும். லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் 'ஒருவரையொருவர் ஏய்க்காதீர்கள்' என்ற கட்டளை இரண்டு தடவை வருகிறது. 14-ஆம் வசனத்தில் ஒருமுறை, 17-ஆம் வசனத்தில் ஒருமுறை. ஒரே கட்டளை எதற்கு இரண்டு தடவை? முதலாவது பணத்துக்கு, இரண்டாவது சொல்லுக்கு என்று பிரிக்கிறார்கள். தேவ பயம் சேர்ந்து வருவது இரண்டாவதில். அந்த வசனத்துக்கு ராஷி எழுதுவது: "நான் கெட்ட எண்ணத்தோடு சொன்னேன் என்று யாருக்குத் தெரியும் என்று நினைப்பாயோ? அதனால்தான் 'தேவனுக்குப் பயப்படு' என்றது. எண்ணங்களை அறிகிறவன் அறிவான்." உன் சொந்த லாபத்துக்காக ஒருவனுக்குப் பொருந்தாத யோசனை சொல்வதையும் ராஷி இதே கணக்கில் சேர்க்கிறார். அதைப் படித்தபோது எனக்குச் சில பழைய ஞாபகங்கள் வந்தன, அதை விடுங்கள்.

நீங்கள் கேட்ட 'ஆன்மிகம் எங்கே' என்பதற்குப் பதில் என்னைப் பொறுத்தவரை இங்கே இருக்கிறது. சட்டம் தன் கை எட்டுகிற தூரம் வரை போகிறது. எட்டாத இடத்திலும் 'எனக்கு வேலையில்லை' என்று கதவைச் சாத்தாமல், அங்கே கடவுளை உட்கார்த்திவிட்டு வருகிறது.

சரி, பணத்தில் ஏமாற்றுவது பெரிய குற்றமா, சொல்லில் நோகடிப்பதா? ராபி யோகனான், தமக்கு முந்தைய ஷிமோன் பார் யோகாயின் பெயரால் சொல்கிறார்: சொல்தான் பெரிது, காரணம் 'தேவனுக்குப் பயப்படு' என்று அதற்குத்தான் சொல்லியிருக்கிறது. ராபி எலெயாசார் சொல்கிறார்: இது அவன் உடம்பைத் தொடுகிறது, அது அவன் பணத்தை. ராபி ஷ்முவேல் பார் நக்மானி சொல்கிறார்: அதைத் திருப்பிக் கொடுக்கலாம், இதை முடியாது. இந்த மூன்றில் முதலாவதைச் சொன்னவர் யோகனான். இந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில வரிகள் கழித்து ஒருவர் சொல்கிறார்: "பிறர் முகத்தைச் சபையில் வெளுக்க வைக்கிறவன் இரத்தம் சிந்தியவனுக்குச் சமம்." கேட்டுக்கொண்டிருந்த ராவ் நக்மான் பார் யித்ஸ்காக், "நன்றாகச் சொன்னாய், சிவப்பு போய் வெள்ளை வருவதைத்தான் கண்ணால் பார்க்கிறோமே" என்கிறார். அவமானப்பட்டவனின் முகத்தை உற்றுப் பார்த்த மனிதர்தான் இதைச் சொல்ல முடியும். இன்னோரிடத்தில், ஒரு குடும்பத்தில் யாராவது தூக்கிலிடப்பட்டிருந்தால் அந்த வீட்டுக்காரனிடம் "இந்த மீனைத் தொங்கவிடு" என்றுகூடச் சொல்லாதே என்ற பழமொழி வருகிறது. மீனைத் தொங்கவிடச் சொல்வதில் குற்றம் ஒன்றுமில்லை. 'தொங்க' என்ற சொல் போதும்.

இதன் உச்சம் தாமாரின் கதையிலிருந்து எடுத்த வரி. ஆதியாகமம் 38-ல் தாமாரை எரிக்கக் கொண்டுபோகிறார்கள். அவள் கர்ப்பத்துக்குக் காரணம் மாமனார் யூதாதான். அவனுடைய முத்திரை மோதிரமும் கோலும் அவள் கையில் இருக்கின்றன. ஆனால் அவள் பேர் சொல்லவில்லை; "இவை யாருடையவையோ அவரால்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறாள். அவனே ஒத்துக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் நெருப்பு. அதனால் சொல்கிறார்கள்: பிறரைச் சபையில் அவமானப்படுத்துவதைவிட மனிதன் எரியும் சூளையில் குதிப்பது மேல்.

இது உண்மையிலேயே சட்டமா, இல்லை, அழுத்திச் சொல்வதற்காகச் சொன்னதா? இங்கேதான் உரைகாரர்கள் வேலையைத் தொடங்குகிறார்கள். உயிரே போனாலும் செய்யக்கூடாத குற்றங்கள் மூன்று என்று தல்மூத் வேறிடத்தில் எண்ணுகிறது: விக்கிரக வழிபாடு, தகாத உறவு, கொலை. அப்படியானால் அவமானப்படுத்துவது ஏன் அந்தப் பட்டியலில் இல்லை என்று தோசாஃபோத் கேட்கிறது. கேள்வியிலேயே தெரிகிறதல்லவா, அவர்கள் அந்த வரியை அலங்காரமாக எடுக்கவில்லை. வேதத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டவற்றை மட்டுமே அந்தப் பட்டியல் எண்ணுகிறது, இது வெளிப்படையாக இல்லை என்று பதிலும் தருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் ஜெரோனாவின் ராபேனு யோனா இதைக் கொலையின் கிளை என்றே வைத்தார். அதே நூற்றாண்டில் ஸ்பெயினில் பேர் சொல்லாமல் ஒருவர் எழுதிய 'சேஃபெர் ஹகினூக்' கட்டளைகளை வரிசையாக விளக்குகிறது, 338-ஆவது இது. அவர் நிதானமானவர். மனிதன் புரட்டிப்போட்டாலும் பேசாமல் கிடக்கும் கல் அல்ல, ஒருவன் வந்து வாயாடினால் பதில் சொல்லாமல் இருக்க எல்லோராலும் முடியாது, அதை வேதம் எதிர்பார்க்கவும் இல்லை என்கிறார். தாமாருக்குப் பக்கத்தில் இவரும் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது அடுப்பு. இவ்வளவும் பேசி, கூடவே "மனைவியை நோகடிக்காதே, அவள் கண்ணீர் சீக்கிரம் வரும்" என்றும், "எருசலேம் கோயில் இடிந்த நாளிலிருந்து பிரார்த்தனையின் வாசல்கள் அடைபட்டன, கண்ணீரின் வாசல்கள் அடைபடவில்லை" என்றும், "எல்லா வாசலும் பூட்டிக் கிடக்கும், ஓனாவின் வாசல் மட்டும் பூட்டப்படுவதில்லை" என்றும் சொன்ன பிறகுதான் அந்தக் கதை வருகிறது.

மண்ணடுப்பு. எபிரேயத்தில் 'தன்னூர்', நம் ஊர் உணவகங்களில் ரொட்டி சுடுகிற தந்தூருக்கு நெருங்கிய சொந்தம். அதை வளையம் வளையமாக அறுத்து, நடுவே மணலை வைத்துப் பூசிவிட்டால் அது முழுப் பாத்திரமா, இல்லையா? இல்லை, ஆகவே அதற்குத் தீட்டு ஒட்டாது என்றார் ராபி எலியேசர் (முன்னே வந்த எலெயாசார் வேறு). ஒட்டும் என்றார்கள் மற்ற எல்லோரும். எலியேசர் எல்லா வாதமும் வைத்துப் பார்த்தார், அவர்கள் ஏற்கவில்லை. "நான் சொல்வது சரியென்றால் இந்தக் காரோப் மரம் காட்டட்டும்" என்றார். மரம் பெயர்ந்து நூறு முழம் தள்ளி நின்றது. மரத்தை வைத்து வாதாட முடியாது என்றார்கள். வாய்க்கால் பின்னோக்கி ஓடியது. வாய்க்காலை வைத்தும் முடியாது. கல்விக்கூடத்துச் சுவர்கள் சாய்ந்தன. ராபி யோசுவா சுவர்களை அதட்டினார்: "அறிஞர்கள் ஒருவரோடொருவர் மோதினால் உங்களுக்கு என்ன வந்தது?" யோசுவாவின் மரியாதைக்காக அவை விழவில்லை, எலியேசரின் மரியாதைக்காக நிமிரவும் இல்லை. கடைசியில் வானத்திலிருந்தே குரல் வந்தது, எலியேசர் சொல்வதே சட்டம் என்று. யோசுவா எழுந்து நின்று, உபாகமத்திலிருந்து எடுத்துச் சொன்னார்: "அது வானத்தில் இல்லை." வேதம் சீனாய் மலையிலேயே கொடுத்தாகிவிட்டது, இனிப் பெரும்பான்மைதான் என்று விளக்கம். பிறகு ராபி நாதான் எலியா தீர்க்கதரிசியைச் சந்தித்தபோது, அந்த நேரத்தில் கடவுள் என்ன செய்தார் என்று கேட்டார். "சிரித்தார். 'என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்' என்றார்."

நீங்கள் படித்தது இதுவரை.

அடுத்த வரி: அன்றைக்கே எலியேசர் தீட்டில்லை என்று சொன்ன பொருட்களையெல்லாம் கொண்டுவந்து எரித்தார்கள். பிறகு கூடி வாக்கெடுத்து அவரை 'ஆசீர்வதித்தார்கள்'. மூலத்தில் இருப்பது அந்தச் சொல்தான். அர்த்தம் விலக்கிவைத்தார்கள் என்பது. கெட்டதைச் சொல்ல மங்கலச் சொல் போடுகிற பழக்கம் அவர்களுக்கும் உண்டு. யார் போய் அவரிடம் சொல்வது? எலியேசரின் மாணவர் அகிவா, "நான் போகிறேன். தகுதியில்லாத ஒருவன் போய்ச் சொல்லி உலகத்தையே அழித்துவிடக் கூடாது" என்றார். கறுப்பு உடுத்தி, கறுப்பு போர்த்திக்கொண்டு போய், விலக்கப்பட்டவரிடம் காக்க வேண்டிய நான்கு முழத் தூரத்தில் உட்கார்ந்தார்.

"அகிவா, இன்றைக்கு என்ன விசேஷம்?"

"ராபி, உங்கள் தோழர்கள் உங்களை விட்டுத் தள்ளி நிற்பதுபோல எனக்குத் தோன்றுகிறது."

விலக்கிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் தள்ளி நிற்கிறார்கள், அதுவும் எனக்குத் தோன்றுகிறது. கறுப்புத் துணி மீதியைச் சொல்லிவிட்டது. இதைவிட மென்மையாக அந்தச் செய்தியைச் சொல்ல முடியாது. அப்படியும் எலியேசர் உடையைக் கிழித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் சரிந்து உட்கார்ந்தார். கண்ணில் நீர் வந்தது. ஒலிவ மரத்தில் மூன்றில் ஒரு பங்கு, கோதுமையில் மூன்றில் ஒரு பங்கு, வாற்கோதுமையில் மூன்றில் ஒரு பங்கு கருகியது. பெண்கள் கையில் பிசைந்த மாவுகூடக் கெட்டது என்றும் சொல்கிறார்கள்.

சபைக்குத் தலைவர் ராபான் கமாலியேல். புதிய ஏற்பாட்டில் பவுலின் ஆசிரியராக வரும் கமாலியேல் இவருடைய பாட்டனார். இவர் அப்போது கப்பலில் போய்க்கொண்டிருந்தார். மூழ்கடிக்க ஓர் அலை எழுந்தது. "இது எலியேசரால்தான்" என்று புரிந்துகொண்டு எழுந்து நின்றார்: "உலகத்தின் ஆண்டவனே, என் கௌரவத்துக்காகவோ என் தகப்பன் வீட்டுக் கௌரவத்துக்காகவோ இதைச் செய்யவில்லை, இஸ்ரவேலில் பிளவுகள் பெருகக் கூடாது என்று உம்முடைய கௌரவத்துக்காகச் செய்தேன் என்பது உமக்கே தெரியும்." கடல் அடங்கியது.

எலியேசரின் மனைவி இம்மா ஷாலோம் இந்தக் கமாலியேலின் தங்கை. ('இம்மா' என்றால் அம்மாதான்.) அந்த நாளிலிருந்து அவள் புருஷனை முகங்குப்புற விழுந்து வேண்ட விடவில்லை. தினசரித் தொழுகை முடிந்ததும் அவரவர் மனக்குறையைச் சொல்லி அழுகிற நேரம் அது. எத்தனை நாள், எத்தனை மாதம் இப்படிப் பக்கத்திலேயே காவல் இருந்தாள் என்று கதை சொல்லவில்லை. அமாவாசை கழிந்து மாதம் பிறக்கும் நாளில் அந்த வேண்டுதல் கிடையாது என்பதால் அன்று மட்டும் காவல் வேண்டாம். ஒருநாள் மாதக் கணக்கில் தவறிவிட்டாள். இல்லை, வாசலில் ஒரு ஏழை வந்து நின்றான், ரொட்டி எடுத்துக்கொண்டு போனாள் என்று இன்னொரு பாடம். திரும்பி வந்தால் அவர் குப்புற விழுந்து கிடக்கிறார். "எழுந்திருங்கள், என் அண்ணனைக் கொன்றுவிட்டீர்கள்" என்றாள். அதற்குள் கமாலியேல் வீட்டிலிருந்து சாவுக் கொம்பு ஊதும் சத்தம் கேட்டது. உனக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்டார். "என் பாட்டன் வீட்டில் சொல்வார்கள்: எல்லா வாசலும் பூட்டிக் கிடக்கும், ஓனாவின் வாசல் மட்டும் பூட்டப்படுவதில்லை."

இப்போது மறுபடி யோசித்துப் பாருங்கள். சட்டத்தில் பெரும்பான்மைதான் சரி. தல்மூத் அதை ஓர் இடத்திலும் திருத்தவில்லை. அடுப்புக்குத் தீட்டு உண்டு என்பதுதான் கடைசி வரைக்கும் தீர்ப்பு. கமாலியேலின் நோக்கமும் சுத்தம்; கடலே அதை ஏற்றுக்கொண்டது. யாரும் கடுஞ்சொல் ஒன்றுகூடப் பேசவில்லை. ஆசீர்வதித்தார்கள் என்றுதான் ஏட்டில் இருக்கிறது. அப்படியும் இது ஓனா. வாதத்தில் ஜெயித்த பிறகு, அவர் தீட்டில்லை என்ற பொருட்களை எரித்தது ஓனா. கடவுள் சிரித்ததும் எலியேசர் அழுததும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது கெட்டிக்காரத்தனத்தின் கொண்டாட்டம். இரண்டும் சேர்ந்தால்தான் அது எதற்காகக் கடைத்தெருச் சட்டத்தின் நடுவில் வைக்கப்பட்டது என்று புரியும்.

கதை முடிந்ததும் கெமாரா மறுபடி மிஷ்னாவின் மூன்றாவது உதாரணத்துக்கு, மதம் மாறி வந்தவரை நோகடிப்பதற்கு, திரும்புகிறது. வேதம் 36 இடங்களில், சிலர் கணக்கில் 46 இடங்களில், அந்நியனைப் பற்றி எச்சரிக்கிறதே, ஏன் என்று விளக்கம் சொல்லத் தொடங்குகிறது. அதைச் சொல்பவர் யார் தெரியுமா? "மகா எலியேசர் கூறுகிறார்". விலக்கி வைத்தவரின் வாயிலிருந்தே அடுத்த போதனையை எடுத்து வைத்திருக்கிறார்கள், 'மகா' என்ற அடைமொழியோடு. தொகுத்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்களா என்று நிரூபிக்க முடியாது. தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

யோகனானைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அதே பாபா மெத்சியாவில் 25 தாள் தள்ளி, 84-ஆம் தாளில் அவர் வருகிறார். மூன்றாம் நூற்றாண்டு, திபேரியா. ரேஷ் லாகிஷ் (லாகிஷின் மகன்) என்ற கொள்ளைக்காரனை யோர்தான் நதியில் சந்தித்துத் திருத்தி, தன் தங்கையைக் கட்டிக்கொடுத்து, படிப்புச் சொல்லிக்கொடுத்துப் பெரிய அறிஞனாக ஆக்கியவர் அவர். ஒருநாள் கல்விக்கூடத்தில் ஒரு விவாதம்: வாள், கத்தி, ஈட்டி, அரிவாள் இவையெல்லாம் எந்தக் கட்டத்தில் முழுமையடைகின்றன? உலையில் காய்ச்சி எடுத்ததும் என்றார் யோகனான். தண்ணீரில் தோய்த்ததும் என்றான் மைத்துனன். யோகனான் சொன்னார்: "கொள்ளைக்காரனுக்குத்தானே கொள்ளைத் தொழில் தெரியும்."

'திருந்தி வந்தவனிடம் பழையதை ஞாபகப்படுத்தாதே.' அதைத்தான், சபை நடுவில், சொல்லால் நோகடிப்பது பணத்தைவிடப் பெரிது என்று போதித்த அதே யோகனான் செய்தார். ரேஷ் லாகிஷ் திருப்பிக் கேட்டான்: "எனக்கு என்ன செய்துவிட்டீர்கள்? அங்கேயும் தலைவன் என்றார்கள், இங்கேயும் தலைவன் என்கிறார்கள்." இருவரும் புண்பட்டார்கள். ரேஷ் லாகிஷ் படுக்கையில் விழுந்தான். தங்கை வந்து அழுதாள், பிள்ளைகளுக்காகவாவது மனம் இரங்கு என்று. அண்ணன் எரேமியாவிலிருந்து ஒரு வசனத்தைப் பதிலாகச் சொன்னார்: "உன் திக்கற்ற பிள்ளைகளை விட்டுவிடு, நான் காப்பாற்றுவேன்." ஆறுதல்போல ஒலிக்கிற வசனம், இந்த இடத்தில் கல்லாக விழுகிறது. ரேஷ் லாகிஷ் இறந்தான்.

பிறகு யோகனானின் துக்கத்தைத் தணிக்க, கூர்மையான ஒரு மாணவரை அனுப்பினார்கள். யோகனான் எதைச் சொன்னாலும் அந்த மாணவர், "நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது" என்பார். "நீ லாகிஷின் மகன் ஆவாயா?" என்று கத்தினார் யோகனான். "நான் ஒன்று சொன்னால் அவன் இருபத்துநாலு ஆட்சேபம் சொல்வான், நான் இருபத்துநாலு பதில் சொல்வேன், சட்டம் விரிந்துகொண்டே போகும். நான் சொல்வது சரியென்று எனக்குத் தெரியாதா?" துணியைக் கிழித்துக்கொண்டு, "எங்கே போனாய், லாகிஷின் மகனே" என்று அலைந்து, புத்தி பேதலித்து, கடைசியில் மற்ற அறிஞர்கள் கருணை கேட்டு வேண்ட, அவர் இறந்தார்.

தங்கள் பெரியவர்களை இப்படி எழுதிவைக்க ஒரு சமூகத்துக்குத் தைரியம் வேண்டும். யோகனானின் போதனையை நீக்கிவிட்டுக் கதையை மட்டும் வைத்திருக்கலாம், அல்லது கதையை மறைத்துப் போதனையை மட்டும் வைத்திருக்கலாம். இரண்டையும் ஒரே நூலில் வைத்துவிட்டு, நீயே கண்டுபிடித்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். வேறு கதை உண்டா என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து அடுப்புக் கதைக்கு உடன்பிறப்பு இதுதான்.

எலியேசருக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வேறு பகுதியில், சன்ஹெத்ரினின் 68-ஆம் தாளில் இருக்கிறது. அவர் சாகக் கிடக்கிறார். வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் பிறக்கப் போகிற நேரம். அகிவாவும் தோழர்களும் வருகிறார்கள். உள்ளே போய், நான்கு முழம் தள்ளியே உட்காருகிறார்கள். விலக்கு இன்னும் நீக்கப்படவில்லை.

"எதற்கு வந்தீர்கள்?"

"படிக்க வந்தோம்."

"இதுவரை ஏன் வரவில்லை?"

"நேரம் கிடைக்கவில்லை."

இரண்டு கைகளையும் மார்பில் வைத்துக்கொண்டு, சுருட்டி மூடப்படும் இரண்டு வேதச் சுருள்களைப் போல ஆகிவிட்டீர்களே என்று தன் கைகளைப் பார்த்து வருந்துகிறார். நிறையக் கற்றேன், கடலில் நாய் நக்கிக் குடித்த அளவுகூட நான் எடுக்கவில்லை. நிறையக் கற்பித்தேன், மைச்சிமிழில் குச்சி தொட்டு எடுக்கிற அளவுகூட மாணவர்கள் என்னிடமிருந்து எடுக்கவில்லை என்கிறார். அவர்கள் தள்ளியிருந்தபடியே கேள்வி கேட்கிறார்கள். பழைய மாதிரிக் கேள்விகள்தான்: தோல் பந்துக்குத் தீட்டு உண்டா, செருப்பு தைக்கிற அச்சுக் கட்டைக்கு உண்டா என்று. ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே வருகிறார். கடைசியாகக் கேட்ட ஒன்றுக்கு "தீட்டில்லை" என்றார். அந்தச் சொல்லோடு உயிர் பிரிந்தது. யோசுவா எழுந்து நின்றார். வானத்துக் குரலை மறுத்து எழுந்து நின்ற அதே யோசுவா. "விலக்கு நீங்கியது, விலக்கு நீங்கியது" என்றார்.

ஓய்வுநாள் முடிந்த இரவில், செசரியாவிலிருந்து லோத் போகும் வழியில் பாடையை எதிர்கொண்டார் அகிவா. இரத்தம் தரையில் ஓடும் வரை தன் உடம்பில் அடித்துக்கொண்டு அழுதார்: "என் தகப்பனே, என்னிடம் நாணயங்கள் நிறைய இருக்கின்றன. மாற்றிக் கொடுக்க நாணயக்காரர் இல்லை."